அத்தியாயம் 6: இடைக்கிடங்கு எதற்கு?

ஒரு மாவட்டத்தில் தடுப்பூசி ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்று புகார் வந்தால், மேலிடத்தில் முதலில் எழும் கேள்வி இன்னும் எத்தனை குளிர்சாதனப் பெட்டி வேண்டும் என்பதுதான். பெட்டிக்கு விலைப்பட்டியல் உண்டு, டெண்டர் விடலாம், படம் எடுத்து நிதி கொடுத்தவருக்கு அனுப்பலாம். அந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும், அங்கே வந்து சேருமுன் தடுப்பூசி எத்தனை பெட்டிகளில் தங்கி வர வேண்டும், யார் அதைச் சுமந்து வர வேண்டும் என்பதற்கெல்லாம் யாரும் டெண்டர் விடுவதில்லை. பெரும்பாலான நாடுகளில் இவை எவரும் உட்கார்ந்து முடிவெடுக்காமலே முடிவாகிப்போன விஷயங்கள். 1974இல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசித் திட்டத்தை விரிவாக்கத் தொடங்கியபோது, தலைநகரில் ஒன்று, மாகாணத்தில் ஒன்று, மாவட்டத்தில் ஒன்று என்று அரசு நிர்வாகம் எப்படி அடுக்கப்பட்டிருந்ததோ அப்படியே கிடங்குகளும் அடுக்கப்பட்டன. அன்று ஆறு நோய்களுக்கான மருந்துகள்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது. இன்று பென்டாவேலன்ட், நிமோகாக்கல், ரோட்டா வைரஸ் என்று பட்டியல் நீண்டு, ஒரு குழந்தைக்காகப் பெட்டியில் ஒதுக்க வேண்டிய இடம் பல மடங்காகிவிட்டது. அடுக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. நடுவில் நிற்கும் ஒவ்வொரு கிடங்கும் தான் ஏன் இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், காட்ட முடியாததை எடுத்துவிட வேண்டும், பெட்டி வாங்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் சரக்குக் கணக்கு. மத்தியக் கிடங்கில் 6 மாதத் தேவை, மாகாணத்தில் 3, மாவட்டத்தில் 2, சுகாதார நிலையத்தில் 1 என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாட்டுக்குள் எந்த நேரமும் 12 மாதச் சரக்கு கிடக்கும். ஆனாலும் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் நாளில் நிலையத்தில் ஊசி மருந்து இல்லை என்ற பதில் வரலாம், ஏனென்றால் அந்தப் பன்னிரண்டில் பதினொரு மாதச் சரக்கு குழந்தைகள் வராத இடங்களில் இருக்கிறது. கைமாற்றத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இறக்குமதியிலிருந்து நிலையம் வரை நான்கு கைமாற்றங்கள், ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை குறித்த நாளில் குறித்த அளவில் நடக்கிறது என்றால், நான்கும் சேர்ந்து ஒழுங்காக நடப்பது நூற்றுக்கு 81 முறைதான். யாரும் சோம்பி இருக்கவில்லை, யாரும் திருடவில்லை, ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கைக் கிட்டத்தட்டச் சரியாகவே செய்திருக்கிறது. இருந்தும் ஐந்து முறைக்கு ஒருமுறை கடைசி ஆள் ஏமாறுகிறார். இப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி வகுப்பு நடத்தியோ, விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியோ நிலைமையை மாற்ற முடியாது.

தகவலும் இதே வழியில்தான் கெடுகிறது. கீழே எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது என்பது மேலே தெரிவதில்லை, கீழிருந்து வந்த இண்டென்டில் என்ன எண் எழுதியிருந்தது என்பது மட்டுமே தெரிகிறது. சென்ற மாதம் கேட்டதில் பாதிதான் வந்தது என்ற நினைவில் செவிலியர் 60 தேவைப்படும் இடத்தில் 80 என்று எழுதுவார். மாவட்டக் கிடங்குக்காரர் தன் கையிருப்புக்கும் கொஞ்சம் சேர்ப்பார். மாகாணமும் அப்படியே செய்யும். மேலே போய்ச் சேரும் எண்ணுக்கும் ஊரில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இருக்காது. காப்பு இருப்பு விஷயத்திலும் இடைக்கிடங்கு நஷ்டம்தான். 16 மாவட்டக் கிடங்குகள் தனித்தனியே வைத்திருக்கும் காப்பு இருப்பை ஒரே மாகாணக் கிடங்கில் சேர்த்து வைத்தால், எல்லா மாவட்டங்களிலும் தேவை ஒரே நேரத்தில் ஏறி இறங்காத வரையில், அதே பாதுகாப்புக்கு நான்கில் ஒரு பங்கு சரக்குப் போதும். புள்ளியியல் படித்தவர்களுக்கு இந்த வர்க்கமூலக் கணக்கு பழக்கமானதுதான். சரக்குத் திட்டமிடும் அலுவலகங்களில் இதைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

தடுப்பூசிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெப்பத்தைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள், உறைவதைக் கண்டு அவ்வளவு பேர் பயப்படுவதில்லை. ஆனால் பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்றவற்றில் அலுமினிய உப்பு கலந்திருக்கும். ஒருமுறை உறைந்தால் அந்தக் கலவை குலைந்து மருந்தின் வீரியம் போய்விடும், உருக வைத்தாலும் திரும்பாது. குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் வட்டம் வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. குலுக்கிப் பார்க்கும் சோதனையைத் தெரிந்தவர்கள் செய்தால்தான் உறைந்த குப்பி பிடிபடும். 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பரிசோதிக்கப்பட்ட பெட்டிகளிலும் பயணங்களிலும் 14 முதல் 35 சதவீதம் வரை தடுப்பூசி உறைநிலைக்கு ஆளானதாகக் கண்டது. ஒவ்வொரு இடைக்கிடங்கும் ஒரு பெட்டியையும் ஒரு பயணத்தையும் கூட்டுகிறது. ஐஸ் பேக்கைச் சற்று வியர்க்க விடாமல் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு கேரியரில் வைக்கும் வாய்ப்பையும் ஒன்று கூட்டுகிறது. கிடங்கு பெருகினால் பாதுகாப்பு பெருகும் என்ற எண்ணம் அரிசி மூட்டைக்கு வேண்டுமானால் பொருந்தலாம்.

இதை நடைமுறையில் மாற்றிப் பார்த்த இடங்களில் அதிகம் பேசப்பட்டது மொசாம்பிக் நாட்டின் வடகோடி மாகாணமான காபோ டெல்காடோ. அங்கே பழைய முறையில், மாவட்டக் கிடங்கில் வந்து கிடக்கும் தடுப்பூசியை எடுத்துவரச் சுகாதார நிலையப் பணியாளரே போக வேண்டும். வண்டி கிடைத்தால் வண்டியில், இல்லாவிட்டால் எது கிடைக்கிறதோ அதில். அவர் போகும் நாளில் நிலையத்தில் ஆள் குறையும், ஒரே ஒருவர் வேலை பார்க்கும் நிலையமாக இருந்தால் கதவே பூட்டப்படும். 2002இல் வில்லேஜ்ரீச் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும், கிராசா மாஷேல் நிறுவிய எஃப்.டி.சி. என்ற மொசாம்பிக் அறக்கட்டளையும் மாகாண சுகாதாரத் துறையோடு சேர்ந்து போக்குவரத்தின் திசையைத் திருப்பின. மாகாணக் கிடங்கிலிருந்து வண்டி கிளம்பி, மாவட்டக் கிடங்கில் இறக்காமல், நேரே நிலையம் நிலையமாக மாதம் ஒருமுறை போகும். நம் ஊர்ப் பால் வண்டியின் சுற்று போன்றது இது. அதில் வரும் களப்பணியாளர் பழைய இருப்பை எண்ணுவார், எத்தனை டோஸ் செலவானது என்று பதிவேட்டிலிருந்து குறித்துக்கொள்வார், குறைந்ததை நிரப்புவார், பெட்டி ஓடாவிட்டால் அங்கேயே பழுது பார்ப்பார், கெட்ட குப்பியைத் திரும்ப எடுத்துச் செல்வார். இண்டென்ட் எழுதும் வேலையே செவிலியருக்கு இல்லை. பெட்டிகளுக்கு எரிவாயு வேண்டியிருந்ததால், அதற்கென்றே விடாகாஸ் என்ற விநியோக நிறுவனத்தையும் அவர்கள் தொடங்க வேண்டியிருந்தது. மின்சாரம் எட்டாத மாகாணத்தில் குளிர்சங்கிலியின் கடைசிக் கண்ணி எரிவாயு உருளைதான் என்பதைத் திட்டமிடுபவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள்.

அத்திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கைப்படி, ஏதாவதொரு தடுப்பூசி தீர்ந்துபோயிருந்த நிலையங்களின் விகிதம் ஏறத்தாழ 80 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறங்கியது. முத்தடுப்பூசியின் மூன்றாம் தவணையைப் பெற்ற குழந்தைகளின் விகிதம் 69 சதவீதத்திலிருந்து 95 சதவீதத்துக்கு ஏறியது. இந்த இரண்டாவது எண்ணை மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் அது அவ்வளவு உறுதியானதில்லை. அமெரிக்காவின் கிவ்வெல் என்ற மதிப்பீட்டு அமைப்பு முதலில் இந்தத் திட்டத்தை மிக உயர்வாகப் பரிந்துரைத்தது. 2012 வாக்கில் தரவுகளை மறுபடி அலசியபோது தன் நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டது. இந்த ஏற்பாடே இல்லாத பக்கத்து நியாசா மாகாணத்திலும் அதே ஆண்டுகளில் தடுப்பூசி விகிதம் உயர்ந்திருந்தது. நாடு முழுவதும் ஏதோ முன்னேறிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாகாணத்தின் ஏற்றத்தை வண்டியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. நிலையத்தில் மருந்து தீராமல் இருப்பதும் குழந்தைக்கு ஊசி போடப்படுவதும் வேறு வேறு. தாய் வர வேண்டும், செவிலியர் இருக்க வேண்டும், ஊருக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். வண்டி உறுதி செய்வது மருந்து தீராமல் இருப்பதை மட்டும்தான். ஆகவே இந்த நூலைப் பின்பற்றித் திட்டம் எழுதுபவர்கள், சரக்கு தீரும் விகிதம் குறையும் என்று உறுதி சொல்லலாம், தடுப்பூசி விகிதம் இவ்வளவு உயரும் என்று உறுதி சொல்லக் கூடாது.

மொசாம்பிக் சான்று பலவீனம் என்றால் வாதமே விழுந்துவிடாதா என்று கேட்கலாம். விழாமல் தாங்குவது சாம்பியாவின் சான்று. அது தடுப்பூசியைப் பற்றியதில்லை, மலேரியா மாத்திரை போன்ற அத்தியாவசிய மருந்துகளைப் பற்றியது. ஒருவிதத்தில் அதனால்தான் அது இன்னும் பயனுள்ளது. அந்நாட்டு அரசும் உலக வங்கியும் சேர்ந்து 2009-10இல் மாவட்டங்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தன. ஒரு குழுவில் பழைய முறை தொடர்ந்தது. இரண்டாவதில் மாவட்டக் கிடங்கு அப்படியே இருந்தது, சரக்குத் திட்டமிட ஒரு தனி அலுவலர் மட்டும் புதிதாக அமர்த்தப்பட்டார். மூன்றாவதிலும் அந்த அலுவலர் உண்டு, ஆனால் மாவட்டத்தில் சரக்கு வைப்பது நின்றது. ஒவ்வொரு நிலையத்துக்கும் தலைநகர் லுசாகாவின் மருந்துக் கிடங்கிலேயே தனித்தனியாகக் கட்டி முத்திரையிட்டு அனுப்பினார்கள், மாவட்டம் அதைக் கைமாற்றிவிடும் இடமாக மட்டும் இருந்தது. மருந்துத் தட்டுப்பாடு கணிசமாகக் குறைந்தது மூன்றாவது குழுவில்தான். ஆள் சேர்த்து, கிடங்கை அப்படியே வைத்திருந்த இரண்டாவது குழு அதன் பக்கத்தில் வரவில்லை. இரண்டு குழுக்களுக்கும் உள்ள வேறுபாடு மாவட்டத்தில் சரக்கு தங்கியதா இல்லையா என்பதே. குலுக்கல் முறையில் பிரித்ததால், அந்த மாவட்டங்கள் முதலிலிருந்தே நன்றாக இருந்திருக்கும் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. ஆள் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கும் துறைகளுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது கடினம்.

அடுத்த ஆட்சேபம் செலவு. நிலையத்தின் வாசல் வரை வண்டி அனுப்ப நம்மால் முடியுமா என்று நிதித் துறை கேட்கும். கேட்பவரின் கையில் இருப்பது வண்டிக்கான டீசல் பில். கையில் இல்லாதது, செவிலியர் தன் காசில் போட்ட பேருந்துக் கட்டணம், அவர் போன நாளில் மூடிக் கிடந்த நிலையம், திரும்பிப் போன நோயாளி, மாவட்டக் கிடங்கின் மின்சாரம், அங்கே காலாவதியான குப்பி. பழைய முறை மலிவாகத் தெரிவதற்குக் காரணம் அதன் செலவு பல தலைகளில் சிதறிக் கிடப்பதுதான். காபோ டெல்காடோவில் இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதிப் பார்த்த ஆய்வில், ஒரு குழந்தைக்கு முத்தடுப்பூசியை முழுதாகப் போட்டு முடிக்க ஆன செலவு நியாசாவைவிடச் சுமார் 17 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கேயும் ஒப்பீடு ஒரே ஒரு மாகாணத்தோடுதான் என்பதால் இந்த எண்ணையும் ஓர் அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் புதுமுறை கட்டாயம் கூடுதல் செலவு என்ற வாதம் நிற்காது என்று காட்ட அது போதும். உங்கள் மாவட்டத்தில் கணக்கெடுக்கும்போது செவிலியரின் ஒரு நாளுக்கு அவருடைய ஒரு நாள் சம்பளத்தையாவது செலவாக எழுதுங்கள். எழுதிய உடனே விவாதத்தின் போக்கு மாறும்.

இன்னொரு கட்சி, கிடங்கு அடுக்கைத் தொடவே வேண்டாம், தகவலைச் சரிசெய்தால் போதும் என்கிறது. அவர்கள் காட்டும் உதாரணம் இந்தியாவின் ஈவின். 2015 முதல் படிப்படியாக நாடு முழுவதும் வந்த இந்த ஏற்பாட்டில், குளிர்சங்கிலிப் பணியாளர் கைபேசியில் இருப்பைப் பதிவார், பெட்டியின் வெப்பநிலையும் தானாகவே மேலே போய்ச் சேரும். அடுக்குகள் அப்படியே இருக்க, எந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்பது மேலிருந்து தெரிகிறது, ஓரிடத்தில் மிகுந்ததைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிட முடிகிறது. இது உண்மையான பயன்தான். ஆனால் தெரிந்ததைச் செய்ய வண்டியும் சாலையும் வேண்டும். இவை ஓரளவு இருக்கும் இந்தியாவில் தகவல் ஒரு நல்ல நெம்புகோல். அவை இல்லாத இடத்தில் அந்தத் திரை, எங்கே மருந்து தீர்ந்தது என்பதை வண்ணத்தில் காட்டும் ஒரு பலகை. இந்தியாவிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து முகாம் நடக்கும் ஊர் வரை தடுப்பூசியைக் கொண்டுபோக, செவிலியரை நம்பாமல், கூலிக்கு ஆள் வைத்து அனுப்பும் ஏற்பாடு தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தில் வந்தது. ஊசி போடுபவரைச் சுமை தூக்குபவராக்கக் கூடாது என்பதை ஈவினுக்கு முன்பே ஒப்புக்கொண்டாயிற்று. ட்ரோனைப் பற்றிப் பேசுபவர்களுக்கும் இதே பதில். 2016இல் ருவாண்டாவில் ரத்தத்துக்காகவும் 2019இல் கானாவில் தடுப்பூசி உள்ளிட்டவற்றுக்காகவும் பறக்கத் தொடங்கிய ஜிப்லைன் செய்வதும் இடைக்கிடங்கைத் தாண்டிப் போவதுதான். அவசரத்துக்கு அது பொருந்தும். மாதாமாதம் தெரிந்த அளவில் போக வேண்டிய சரக்குக்கு நான்கு சக்கரம் போதும்.

இதுவரை சொன்னதிலிருந்து எல்லா இடைக்கிடங்கும் வீண் என்ற முடிவுக்கு வருபவர் அவசரப்படுகிறார். சில கிடங்குகள் தங்கள் இருப்பை நியாயப்படுத்திவிடும். பெரிய லாரி போக முடியாத இடத்தில் சிறிய வண்டிக்குச் சரக்கு மாற்றியாக வேண்டும், அங்கே ஓர் இடம் வேண்டும். மழைக்காலத்தில் மூன்று மாதம் சாலை அறுபடும் பகுதிக்கு முன்கூட்டியே சரக்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதே காபோ டெல்காடோவில் 2017 முதல் ஆயுத மோதல், 2019 ஏப்ரலில் கென்னத் புயல். மாகாணத் தலைநகரிலிருந்து மாதம் ஒரு வண்டி என்று மட்டும் நம்பியிருக்கும் ஏற்பாடு அத்தகைய மாதத்தில் என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை மாவட்டத்தில் நிரந்தரக் கிடங்கு என்பதாக இருக்க வேண்டியதில்லை. காப்புச் சரக்கைச் சங்கிலியின் நடுவில் வைப்பதைவிட அதன் நுனியில், நிலையத்திலேயே, மழைக்கு முன் ஏற்றி வைப்பது மேல், ஏனென்றால் பாலம் உடைந்தால் மாவட்டக் கிடங்குக்கும் நிலையத்துக்கும் இடையிலும் அது உடையும். பேட்டரி இல்லாமல் நேரடியாகச் சூரிய ஒளியில் ஓடும் பெட்டிகள் வந்த பிறகு இது முன்பைவிடச் சாத்தியம். பழைய சூரியப் பெட்டிகள் பேட்டரி செத்ததும் அலமாரியாகிவிடும், அதை மாற்றக் காசு எந்தத் தலைப்பிலும் இருக்காது. நுனியில் நம்பிச் சரக்கு வைக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் கணினி மாதிரிகளைக் கொண்டு பல வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது பேச்சில் அடிபட்ட யோசனையும் அடுக்கை முழுதாக ஒழிப்பதில்லை. ஊராட்சி அளவில் சிதறிக் கிடந்த கிடங்குகளை 34 சுகாதார மண்டலங்களுக்குள் சேர்த்து, அங்கிருந்து வண்டிச் சுற்று விடுவது. கோமே என்ற மண்டலத்தில் அதை முன்னோட்டமாகச் செய்தும் பார்த்தார்கள்.

எடுக்க வேண்டிய கிடங்கு எப்போதும் நடுவில்தான் இருக்கும் என்பதும் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியபோது அது நீக்கியது உச்சியை. கொள்முதல், விலை, ஒப்பந்தம் எல்லாம் சென்னையில் நடக்கும். சரக்கோ தயாரிப்பாளரிடமிருந்து நேரே மாவட்டக் கிடங்குகளுக்குப் போய் இறங்கும், சென்னையில் ஒரு பெரிய மத்தியக் கிடங்கில் தங்கிப் போகாது. மாதிரிகள் மட்டும் தலைமையகத்துக்கு வந்து, பெயர் மறைத்து ஆய்வகத்துக்குப் போய், தேறிய பிறகே அந்தச் சரக்கு விநியோகத்துக்கு விடப்படும். மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக், அதில் அதற்குரிய தொகை, அதற்குள் தனக்குத் தேவையானதை அது எடுத்துக்கொள்ளும். பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. பல நாடுகளில் மத்தியக் கிடங்கைத் தவிர்த்துச் சரக்கு மாவட்டத்துக்கு வர முடியும் என்று சொன்னாலே சிரிப்பார்கள். இங்கே முப்பது ஆண்டுகளாக அது நடக்கிறது. காரணம், பெரிய ஆர்டரைப் பிரித்துப் பல முகவரிக்கு அனுப்பும் பொறுப்பு ஒப்பந்தத்திலேயே தயாரிப்பாளர் தலையில் வைக்கப்பட்டது. முடிவெடுக்கும் இடமும் மூட்டை இறங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று புரிந்துகொண்டால் இந்த அத்தியாயத்தின் பாதி புரிந்த மாதிரி. இறக்குமதியாகும் தடுப்பூசிக்கு இதை அப்படியே செய்ய முடியாது. விமானம் ஒரே இடத்தில்தான் இறங்கும், ஆகவே அங்கே உச்சிக் கிடங்கு தன்னை நியாயப்படுத்திவிடும்.

தடுப்பூசி வண்டியிலேயே மற்ற மருந்தையும் ஏற்றலாமா என்ற கேள்வி இதோடு ஒட்டி வரும். இரண்டின் இயல்பு வேறு. தடுப்பூசித் தேவையைப் பிறப்பு எண்ணிக்கையிலிருந்து கணக்கிடலாம், மருந்தின் தேவையை நோய்தான் தீர்மானிக்கிறது. ஒன்று சில வகை, சில லிட்டர். இன்னொன்று நூற்றுக்கணக்கான வகை, பெட்டி பெட்டியாக. எனவே தேவைக் கணிப்பையும் பெட்டியையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும். ஒன்றாக்க வேண்டியது சாலையும் வருகையும். மாதம் ஒருமுறை இருப்பை எண்ண வரும் ஆள் தடுப்பூசியை மட்டும் எண்ணிவிட்டு, பக்கத்து அலமாரியில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாததைப் பார்க்காமல் போவது அபத்தம். செனகலில், டக்கார் அருகே பிகினில் தொடங்கிக் கருத்தடைச் சாதனங்களுக்காக நடந்த ஏற்பாட்டில், ஒப்பந்தத்துக்கு எடுத்த தனியார் விநியோகஸ்தர் நிலையத்துக்கு வந்து, எண்ணி, நிரப்பி, செலவானதற்கு மட்டும் பணம் வாங்கிப்போனார். முன்பணம் இல்லாததால் ஆர்டர் போடாமல் இருந்த நிலையங்களில்கூடத் தட்டுப்பாடு 2 சதவீதத்துக்கும் கீழே போனது. பின்னர் அந்தச் சுற்றில் மற்ற மருந்துகளும் ஏறின. குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளில் மட்டும் பெட்டியையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. ஒரே நிலையத்தில் தடுப்பூசி குளிரிலும் ஆக்சிடோசின் மேசை இழுப்பறையிலும் கிடந்தால், அதற்குக் காரணம் இரண்டும் வேறு வேறு துறையின் பதிவேட்டில் இருப்பதுதான்.

இனிச் செய்முறை. முதலில், உங்கள் பகுதியில் மிகத் தொலைவில் உள்ள நிலையத்தில் இப்போது பெட்டியில் இருக்கும் ஒரு குப்பியின் தொகுதி எண்ணை எடுத்துக்கொண்டு, அது எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்து வந்தது என்று ரிஜிஸ்டர்களைப் புரட்டிப் பின்னோக்கிப் போங்கள். விதிப்புத்தகத்தில் உள்ள வரைபடத்தை நம்ப வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கிடங்கின் முன்னும் நின்று கேட்க வேண்டியது: இங்கே வண்டியின் அளவு மாறுகிறதா, இங்கிருந்து முன்னே உள்ள சாலை ஆண்டில் சில மாதம் அறுபடுகிறதா, மேலே இருப்பவருக்குத் தெரியாத எதையாவது வைத்து இங்கே முடிவெடுக்கிறார்களா. மூன்றுக்கும் இல்லை என்று விடை வந்தால் அங்கே சரக்கு தங்கத் தேவையில்லை. அடுத்தது வண்டிச் சுற்று. ஒரு வண்டி நாளொன்றுக்கு மூன்று நிலையம் போக முடியும், மாதத்தில் 18 நாள் ஓடும் என்றால் 54 நிலையம். மீதி நாட்கள் பழுதுக்கும் கணக்குக்கும். இதைத் தீர்மானித்த பிறகுதான் பெட்டியின் அளவு வரும். 15,000 மக்களுக்கு ஒரு நிலையம், ஆயிரத்துக்கு 40 பிறப்பு என்றால் மாதம் 50 குழந்தைகள். ஒரு குழந்தையின் எல்லாத் தவணைக்கும் 200 கன சென்டிமீட்டர் இடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தேவை 10 லிட்டர். அரை மாதக் காப்புடன் 15 லிட்டர் பெட்டி போதும். வண்டி இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றால் 25 லிட்டர் வேண்டும். பெட்டியை முதலில் வாங்கியவர்களுக்கு இந்தத் தேர்வே கிடைப்பதில்லை.

எதிர்ப்பு வரும் இடம் மாவட்ட அலுவலகம். அங்கே கிடங்கு போவதென்றால் சாவி போகிறது, டீசல் ஒதுக்கீடு போகிறது, பயணப்படி போகிறது, கீழே இருப்பவர்கள் வந்து நிற்கும் வாசல் போகிறது. இதை வெறும் அதிகார ஆசை என்று ஒதுக்கிவிட்டால் திட்டம் ஓராண்டு தாங்காது. அந்த அலுவலர்களுக்கு உள்ளூர் தெரியும். எந்தக் கிராமத்தில் ஊசிக்குப் பயப்படுகிறார்கள், எந்தச் செவிலியர் மாற்றலாகிப் போகிறார் என்பது மாகாணத்தில் தெரியாது. சாம்பியாவில் சரக்கு போன பிறகும் மாவட்டத்தில் திட்டமிடும் அலுவலர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கிடங்குக்காரரைச் சுற்றின் மேற்பார்வையாளராக்கி, அவர் பயணப்படியை அந்தப் பயணத்திலேயே வைத்துவிடுவது நல்லது. பணத்தை வழிமாற்றுவது இதைவிடக் கடினம். மாவட்டத்துக்கென ஒதுக்கிய எரிபொருள் பணத்தை மாகாண வண்டிக்குப் போட அனுமதி இல்லை என்றால், நிதி கொடுத்த வெளிநாட்டு நிறுவனம் போன மறுமாதமே பழைய முறை திரும்பிவிடும். காபோ டெல்காடோவிலும் 2007இல் முன்னோட்டக் காலம் முடிந்ததும் இந்தச் சிக்கல்தான் எழுந்தது. ஆகையால் முன்னோட்டத்தின் முதல் ஆண்டிலேயே, எவ்வளவு சிறியதானாலும், வண்டிச் சுற்றுக்கென்று மாகாண பட்ஜெட்டில் ஒரு தலைப்புத் திறக்கப்பட வேண்டும். பின்னர் தொகையை உயர்த்துவது எளிது, தலைப்பைத் திறப்பதுதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

மாற்றத்தைப் போலியோ முகாம் நடக்கும் மாதத்திலோ புதிய தடுப்பூசி அறிமுகமாகும் காலாண்டிலோ தொடங்க வேண்டாம். ஐந்தாறு நிலையங்கள் உள்ள ஒரு சுற்றில் தொடங்கி, முதல் மூன்று மாதம் மாவட்டக் கிடங்கில் ஒரு மாதச் சரக்கை முத்திரையிட்டுத் தனியே வையுங்கள். ஒவ்வொரு முறை அந்த முத்திரை உடைக்கப்படும்போதும் தேதி, நிலையம், வண்டி ஏன் போய்ச் சேரவில்லை என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கிடங்கை மூடுவதா வைத்திருப்பதா என்ற கூட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டிய தாள் அதுதான்.